மலைநாட்டில் ஏறாமல் ஏறுவது: பரென்சானா சைக்கிள் பாதை பற்றி விரிவாக

கேள்வி இதுதான்: மலைச்சரிவும் திராட்சைத் தோட்டமும் ஆலிவ் தோப்பும் உள்ள நாட்டில் நாலைந்து நாள் சைக்கிளில் போக வேண்டும், கார், லாரி தொல்லை இருக்கக்கூடாது, போகும் இருவருக்கும் மலை ஏறிப் பழக்கமில்லை. எங்கே போகலாம், என்ன சைக்கிள், என்ன தயாரிப்பு?

கைவிடப்பட்ட ரயில் தடத்தைத் தேடிப் போங்கள். கார் சாலை மலையை நேராக ஏறும், 10 சதவீதச் சரிவுகூட அதற்குப் பெரிதில்லை. நீராவி எஞ்சினால் அது முடியாது. எனவே ரயில் போட்டவர்கள் மலையைச் சுற்றிச் சுற்றி, சரிவைக் குறைத்துத் தடம் அமைத்தார்கள். தண்டவாளத்தை எடுத்துவிட்டால் மிஞ்சுவது சைக்கிளுக்கென்றே வெட்டியதுபோல் ஒரு பாதை. அப்படிப்பட்ட பாதைகளில் நீங்கள் கேட்டதற்கு அச்சாகப் பொருந்துவது ஏட்ரியாட்டிக் கடலோரம் இஸ்திரியா தீபகற்பத்தில் உள்ள பரென்சானா.

இத்தாலியின் திரியெஸ்தே துறைமுகத்திலிருந்து இன்றைய குரோவேஷியாவின் பொரேச் வரை 123 கி.மீ. ஓடிய குறுகிய ரயில் பாதை அது. தண்டவாளங்களுக்கு இடையே 760 மி.மீ. மட்டுமே. ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசின் காலத்தில், 1902இல் திறந்தார்கள். அந்த நிலமெல்லாம் இத்தாலியின் கைக்கு வந்தபின் 1935 ஆகஸ்ட் 31 அன்று மூடினார்கள். இப்போது அந்தத் தடத்தில் ஏறக்குறைய 13 கி.மீ. இத்தாலியிலும், 32 கி.மீ. ஸ்லோவேனியாவிலும், 78 கி.மீ. குரோவேஷியாவிலும் இருக்கிறது. அதிகபட்சச் சரிவு ஆயிரத்துக்கு 28, அதாவது 2.8 சதவீதம். மிக உயரமான இடம் குரோஷ்ன்யான் ஸ்டேஷன் இருந்த மேடு, கடல்மட்டத்திலிருந்து 293 மீட்டர். எண்களைப் பார்த்தால் பயப்பட ஒன்றுமில்லை.

ஆனாலும் போய்விட்டு வந்தவர்களில் பாதிப் பேர் “எதிர்பார்த்ததைவிடக் கஷ்டம்” என்பார்கள். காரணம் சரிவு இல்லை, தரை. குரோவேஷியப் பகுதியில் பெரும்பாலும் சரளைதான். சில இடங்களில் நன்றாக இறுகிய மெல்லிய சரளை, சில இடங்களில் முட்டை அளவு கற்கள் உருளும் தளர்ந்த ஜல்லி. கணக்குப் போட்டால் விஷயம் தெளியும். ஆள், சைக்கிள், பை எல்லாம் சேர்த்து 100 கிலோ என்று வையுங்கள். 2.8 சதவீத ஏற்றத்தில் மணிக்கு 12 கி.மீ. வேகத்தில் போக, புவியீர்ப்பை வெல்ல மட்டும் 90 வாட்டுக்குச் சற்று மேல் வேண்டும். அதே வேகத்தில் நல்ல தார்ச்சாலையில் டயரின் உருளல் தடை 16 வாட்டைத்தான் தின்னும். தளர்ந்த சரளையில் அது 50, 60 வாட் ஆகிவிடும். அதாவது மோசமான சரளை என்பது சமதரையிலும் சுமார் ஒரு சதவீதக் கூடுதல் ஏற்றம் மாதிரி, நாள் முழுக்க. கூடவே அதிர்வு. மாலையில் தொடையைவிட உள்ளங்கையும் தோளும்தான் முதலில் முறையிடும். ஆகவே தயாரிப்பில் முக்கால் பங்கு டயரில் இருக்கிறது.

டயர் 40 மி.மீ.க்குக் குறையக்கூடாது. 45 முதல் 50 இருந்தால் நிம்மதி. பந்தய சைக்கிளின் 28 மி.மீ. டயரில் ஸ்லோவேனியப் பகுதியை மட்டும் சந்தோஷமாக ஓட்டலாம், எல்லை தாண்டியதும் தள்ளிக்கொண்டு நடக்க வேண்டியிருக்கும். காற்று அழுத்தத்தில்தான் பலர் தவறுகிறார்கள். “பஞ்சர் ஆகாமலிருக்கட்டும்” என்று கல்லாக அடித்துவிடுவார்கள். அப்படி அடித்தால் டயர் ஒவ்வொரு கல்லிலும் எகிறும், பிடிப்பும் போகும், கையும் வலிக்கும். 75 கிலோ ஆள், 15 கிலோ சுமை, 42 மி.மீ. டயர் என்றால் பின்சக்கரத்தில் 2.8 பார் (காற்றழுத்த அலகு), முன்சக்கரத்தில் 2.3 பார் போதும். பிஎஸ்ஐ கணக்கில் சுமார் 40, 33. இதற்கு மிகவும் கீழே போனால் ட்யூப் உள்ளே இருக்கும் டயரில் வேறு சிக்கல்: கல்முனை டயரை ரிம் வரை அமுக்கி, ட்யூபில் பாம்பு கடித்ததுபோல் இரண்டு ஓட்டை போடும். ட்யூப் இல்லாத, ஓட்டையைத் தானே அடைக்கும் பால் போன்ற திரவம் ஊற்றிய டயர் என்றால் இன்னும் 0.3 பார் குறைக்கலாம்.

இங்கே கல் சுண்ணாம்புக்கல். உடைத்துப் போட்டால் விளிம்பு கத்திபோல் இருக்கும். டயரின் நடுப்பகுதியைவிடப் பக்கச்சுவர்தான் கிழியும். மாற்று ட்யூப் 2, ஒட்டுத் துண்டுகள், பசை, பம்ப் எல்லோரும் எடுப்பார்கள். கிழிந்த பக்கச்சுவருக்கு உள்ளே வைக்க, பழைய டயரிலிருந்து தீப்பெட்டி அளவு வெட்டிய ஒரு துண்டையும் சேர்த்து எடுங்கள். அது இல்லாவிட்டால் ட்யூப் கிழிசல் வழியாகப் பிதுங்கி மறுபடி வெடிக்கும். கூடவே செயின் இணைப்பு ஒன்று, ஸ்போக் சாவி, உங்கள் பிரேக்குக்குப் பொருந்தும் பட்டை ஒரு ஜோடி, நாலைந்து பிளாஸ்டிக் கட்டு. குரோஷ்ன்யானுக்கும் அதற்கப்பால் பள்ளத்தாக்கில் இருக்கும் லிவாதே ஊருக்கும் இடையே சைக்கிள் கடை எதையும் எதிர்பார்க்க வேண்டாம்.

கேரியர் போல்ட்டைத் தனியாகச் சொல்ல வேண்டும். அதிர்வில் முதலில் தளர்வது அதுதான், முக்கியமாகப் பின் அச்சுக்கு மேலே இருக்கும் கீழ் போல்ட். அது பாதி கழன்ற நிலையில் சுமையோடு ஓடினால், போல்ட் வளைந்து ஃபிரேமின் துளைக்குள்ளேயே முறியும். முறிந்த துண்டை வெளியே எடுக்க அங்கே வழி இருக்காது. கிளம்புமுன் மரைப்பசை ஒரு சொட்டு விட்டு இறுக்குங்கள். பிறகு ஒவ்வொரு மாலையும் ஆலன் சாவியால் ஒரு தடவை தொட்டுப் பாருங்கள், அரை நிமிட வேலை. தண்ணீர் பாட்டில் தாங்கிக்கும் இதே வைத்தியம். தாங்கி லூசாக இருந்தால் இறக்கத்தில் பாட்டில் எகிறி விழும், பின்னால் வருபவர் அதன்மேல் ஏற்றுவார்.

கியர் விஷயத்தில் தடத்துக்கு மட்டும் என்றால் சாதாரண கியர் போதும். ஆனால் நீங்கள் தடத்திலேயே இருக்கப் போவதில்லை. ஊர்கள் குன்றின் உச்சியில், ரயில் அடிவாரத்தில் அல்லது இடுப்பில். தங்குவதற்கும் சாப்பிடுவதற்கும் கார் சாலையில் கொஞ்சம் ஏறியே ஆக வேண்டும். வழியில் வரும் மொதொவுன் என்ற குன்றூர் 277 மீட்டர் உயரத்தில் நிற்கிறது; கீழே மிர்னா ஆற்றுப் பள்ளத்தாக்கு கிட்டத்தட்டக் கடல்மட்டம். கடைசிப் பகுதி செங்குத்தான கல் பாவிய தெரு, அங்கே இறங்கித் தள்ளுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. மிக லேசான கியரில் முன் பல்சக்கரத்திலும் பின் பல்சக்கரத்திலும் பற்கள் சம எண்ணிக்கையாவது இருக்கட்டும், முன்னே 30, பின்னே 34 என்றால் இன்னும் நல்லது. மின்சார சைக்கிள் வாடகைக்கு எடுத்தாலும் தவறில்லை. சரளையில் பேட்டரி தார்ச்சாலையைவிட வேகமாக இறங்கும் என்பதை மட்டும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி வழி. திரியெஸ்தே நகரத்துக்குள் பழைய தடம் கிட்டத்தட்ட இல்லை. துறைமுகம், தொழிற்சாலைகள், லாரிகள் என்று முதல் சில கி.மீ. நீங்கள் தவிர்க்க நினைத்த எல்லாமும் இருக்கும். அந்தப் பகுதியை ஓட்டியே தீர வேண்டும் என்று பிடிவாதம் வேண்டாம். நகரத்திலிருந்து வளைகுடாவின் மறுகரையில் முஜ்ஜாவுக்குப் பயணிகள் படகு ஓடுகிறது, சைக்கிளையும் ஏற்றிக்கொள்வார்கள். இடம் குறைவு என்பதால் கூட்ட நேரத்தைத் தவிர்க்கவும். முஜ்ஜாவுக்குப் பின் எல்லை தாண்டி ஸ்லோவேனியாவின் கோபெர் வரை வழி எளிது.

ஸ்லோவேனியப் பகுதி நல்ல தார், நல்ல பலகைகள். கோபெரிலிருந்து இசோலா வரை கடலை ஒட்டிப் போகும் அகலச் சாலை முன்பு பிரதான நெடுஞ்சாலை. மலைக்கு அடியில் சுரங்கச் சாலை திறந்தபின் கரையைக் கார்களுக்கு மூடிவிட்டார்கள். இசோலாவில் இந்த ரயிலுக்கென்றே சிறிய அருங்காட்சியகம் உண்டு. அதன்பின் தடம் கடற்கரையை விட்டு மேலேறி, ஒரு சிறு சுரங்கம் வழியாக ஸ்த்ருன்யானில் இறங்கி, மறுபடி ஏறி, 550 மீட்டர் நீளமுள்ள வலேத்தா சுரங்கத்தைக் கடந்து போர்த்தோரோஷுக்கு வரும். மொத்தப் பாதையிலும் நீளமான சுரங்கம் அதுதான். இரண்டு பக்கச் சரிவுகளிலும் ஆலிவ், திராட்சை, காய்கறிப் பாத்திகள். அடுத்தது செச்சோவ்லியே உப்பளம். இன்னும் கையால் வாரும் உப்பு. பார்க்க அரை மணி நேரம் ஒதுக்கலாம். முதல் இரவை இந்தச் சுற்று வட்டாரத்தில் வைத்துக்கொண்டால் அடுத்த நாளின் ஏற்றத்துக்குக் கால் புதிதாக இருக்கும்.

குரோவேஷியாவுக்குள் நுழைந்ததும் தரை மாறும், மண்ணின் நிறமும் மாறும். புயே ஊர்வரை ஏற்றம், அதற்கப்பால் குரோஷ்ன்யான் வரை மெதுவான தொடர்ச்சி. குன்றூர்களில் தடத்துக்கு மிக அருகில் இருப்பது குரோஷ்ன்யான். ஓவியர்கள் குடியேறி மீட்டெடுத்த கல் வீட்டு ஊர், இரண்டாம் இரவுக்கு ஏற்றது. அங்கிருந்து லிவாதே வரையிலான சுமார் 20 கி.மீ. தான் பரென்சானாவின் உயிர். சுரங்கங்கள், வளைந்த கல் பாலங்கள், கீழே மிர்னா பள்ளத்தாக்கு, எதிரே மொதொவுன் குன்று. பறவை பறக்கும் தூரத்தில் பக்கத்தில் தெரியும் ஊருக்குத் தடம் மடிப்பு மடிப்பாகப் போய்ச் சேரும். குறுகிய ரயிலை வளைக்கச் செலவு குறைவு, மலையைக் குடைவதுதான் செலவு. அந்தச் சிக்கனத்தின் பலன் இன்று உங்களுக்கு.

இந்த 20 கி.மீ. முழுக்க வடக்கிலிருந்து வந்தால் இறக்கம். சரிவு குறைவுதானே என்று விட்டுவிட்டால் வேகம் தானாக 25ஐத் தாண்டும், தளர்ந்த சரளை வளைவில் அது அதிகம். முன்பிரேக்கை வளைவுக்கு முன்பே பிடித்து விடுங்கள், வளைவுக்குள் பிடித்தால் முன்சக்கரம் வழுக்கும். 18, 20க்குள் வைத்திருப்பது நல்லது. குடிநீர்க் குழாயை நம்பவேண்டாம், ஆளுக்கு 2 லிட்டர் எடுத்துக்கொண்டு இறங்குங்கள். தடுப்புக் கம்பிகள் உள்ள இடங்களில் குழந்தை ட்ரெய்லர் நுழைய இடிக்கும்.

லிவாதே டிரஃபிள் காளானுக்குப் பெயர்போன சிற்றூர். இங்கேயும் ரயிலுக்கு ஓர் அருங்காட்சியகம். ஆற்றைக் கடந்ததும் தடம் மொதொவுன் குன்றின் இடுப்பில் ஏறி, ஊருக்கு அடியில் 222 மீட்டர் சுரங்கத்தில் புகுந்து, பிறகு விஷினாதா வரை திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே போகும். விஷினாதாவுக்குப் பிறகு தடம் பல இடங்களில் வயல்வழியோடும் சாலையோடும் கலந்துவிடுகிறது, காட்சியும் சாதாரணம். நேரம் குறைவு என்றால் விஷினாதாவோடு நிறுத்திக்கொள்ளலாம். பொரேச்சின் 6ஆம் நூற்றாண்டு பசிலிக்கா தேவாலயத்தின் மொசைக்குகளைப் பார்க்க ஆசை இருந்தால் மட்டும் முழுவதும் போங்கள்.

சுரங்கங்களுக்கு நல்ல முன்விளக்கு கட்டாயம். குரோவேஷியப் பக்கம் விளக்கு இருந்தாலும் எரியுமென்று உத்தரவாதமில்லை. வெயிலிலிருந்து சட்டென்று நுழையும்போது கண் பழக நேரமாகும். நுழைவதற்கு 20 மீட்டர் முன்பே கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி, மணி அடித்து, வேகத்தைக் குறையுங்கள். உள்ளே கூரையிலிருந்து நீர் சொட்டித் தரையில் குழி விழுந்திருக்கும். எதிரே விளக்கில்லாமல் நடந்து வருபவர்களும் உண்டு.

மழை பெய்தால் என்ன ஆகும் என்பது நீங்கள் எந்த மண்ணில் இருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. இஸ்திரியாவை உள்ளூர்க்காரர்கள் வெள்ளை, சாம்பல், சிவப்பு என்று மூன்றாகப் பிரிப்பார்கள். வடகிழக்கு மலை வெள்ளைச் சுண்ணாம்பு, நடுவே களிமண்ணும் மணற்கல்லும் அடுக்கடுக்காக உள்ள சாம்பல் நிலம், மேற்குக் கரை சிவப்பு மண். பரென்சானா சாம்பலிலும் சிவப்பிலும் போகிறது. சாம்பல் களி ஈரத்தில் டயரில் அப்பி, மட்கார்டுக்குள் அடைத்து, சக்கரத்தையே நிறுத்தும். மட்கார்டுக்கும் டயருக்கும் இடையே ஒரு விரல் நுழையும் இடைவெளி வைத்துக்கொள்ளுங்கள். பெருமழைக்குப் பின் அரை நாள் காத்திருந்தால் சரளைப் பகுதி வடிந்துவிடும். வறண்ட நாளில் எதிரி வெள்ளைத் தூசி, செயினின் எண்ணெயை அதுவே குடித்துவிடும். மெழுகு வகை எண்ணெய் நல்லது. தினமும் மாலை துணியால் துடைத்துவிட்டுத்தான் புது எண்ணெய் விட வேண்டும், தூசிமேலேயே விட்டால் அது அரைக்கும் பசை ஆகிவிடும்.

காலம் என்று பார்த்தால் ஏப்ரல் கடைசி முதல் ஜூன் நடு வரை, பிறகு செப்டம்பர், அக்டோபர். ஜூலை, ஆகஸ்டில் வெயிலும் கூட்டமும் அதிகம். குளிர்காலத்தில் போரா என்ற வடகிழக்குக் காற்று திடீர் வீச்சுகளாக அடிக்கும். 1910இல் முஜ்ஜா அருகே இந்த ரயிலையே அது கவிழ்த்து, மூன்று பேர் இறந்தார்கள். போரா எச்சரிக்கை உள்ள நாளில் பாலங்களின்மேல் சைக்கிள் ஓட்டாதீர்கள். திராட்சை அறுவடை செப்டம்பரில், ஆலிவ் பறிப்பு அக்டோபர், நவம்பரில். அந்த வாரங்களில் தடத்தின் சில துண்டுகளில் டிராக்டர் வரும். நின்று வழிவிடுங்கள், பாதை அவர்களுக்கும்தான்.

திராட்சை மதுவில் வெள்ளைக்கு மல்வாசியா, சிவப்புக்குத் தெரான். ஸ்லோவேனியப் பக்கம் ரெஃபோஷ்க். தெரான் புளிப்பு தூக்கலானது, வெறும் வயிற்றில் பிடிக்காது. புயேயிலிருந்து மொம்யான் ஊர் பக்கம் விலகிப் போனால் மணமான இனிப்பு மஸ்கட் கிடைக்கும், ஆனால் அந்தச் சாலையில் நிஜமான மலை ஏற்றம் உண்டு. ருசி பார்ப்பதை ஓட்டம் முடிந்த மாலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். மது வரம்பு சைக்கிளுக்கும் பொருந்தும், அதைவிடச் சரளை மன்னிக்காது. ஆலிவ் எண்ணெயில் பியெலிக்கா வகை கசப்பும் தொண்டையில் காரமும் உள்ளது. புஷா வகை மென்மை. வாங்கினால் 250 மி.லி. தகர டப்பாவாக வாங்குங்கள், கண்ணாடிப் புட்டி இந்த அதிர்வைத் தாங்காது. சைவம் சாப்பிடுபவர்கள் மனேஷ்ட்ரா என்ற பயறு சூப்பைக் கேட்டு வாங்க வேண்டும், புகையூட்டிய பன்றி எலும்பு போட்டே பெரும்பாலும் வேகவைப்பார்கள். டிரஃபிள் துருவிய ஃபுஷி பாஸ்தா பொதுவாகப் பிரச்சினை இல்லை.

இந்திய, இலங்கை கடவுச்சீட்டு உள்ளவர்களுக்கு ஒரு நல்ல செய்தி: 2023 ஜனவரி 1 முதல் குரோவேஷியாவும் ஷெங்கனில் சேர்ந்து, யூரோவுக்கும் மாறிவிட்டது. ஒரே விசாவில் மூன்று நாடும் முடியும். என்றாலும் எல்லையில் அவ்வப்போது சோதனை போடுகிறார்கள், கடவுச்சீட்டைப் பையின் அடியில் புதைக்காதீர்கள்.

திரும்பி வருவதை முன்கூட்டியே முடிவு செய்யுங்கள். பொரேச்சில் ரயில் இல்லை. பஸ்ஸில் சைக்கிளை ஏற்றுவது டிக்கெட்டைவிட ஓட்டுநரின் மனதையும் பஸ்ஸின் அடியிலுள்ள சாமான் அறையின் இடத்தையும் பொறுத்தது. பக்கத்து ரயில் நிலையம் 30 கி.மீ. சொச்சம் தள்ளிப் பாசினில். அந்தப் பாதையும் குரோவேஷியாவின் மற்ற ரயில் தடங்களோடு இணையாத தனித்தடம். வாடகை சைக்கிள் என்றால், எடுத்த இடத்துக்கே வேனில் கொண்டுவிடும் ஏற்பாடு கடைக்காரரிடம் உண்டா என்று முதலிலேயே கேட்டுப் பதிவு செய்யுங்கள். சொந்த சைக்கிள் என்றால் போர்த்தோரோஷைத் தளமாக வைத்து, லிவாதே வரை போய் அதே வழியில் திரும்பலாம். திரும்பும்போது அந்த 20 கி.மீ. ஏற்றம், சராசரி ஒன்றரை சதவீதத்துக்கும் குறைவு, காலை 8 மணிக்குள் லிவாதேயை விட்டால் பெரும்பகுதி நிழலில் முடியும்.